அப்பா ரன்னிங்

அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று பள்ளியில் கேட்டபோது, "ரன்னிங்" என்று எழுந்து நின்று சொன்னவள் நான். வகுப்பே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ரயில் ஓட்டுகிறவர்களும் கார்டுகளும் ரன்னிங். மற்றவர்களெல்லாம் வெறும் ரயில்வே. யாராவது அப்பாவைத் தேடி வந்தால் அம்மா கதவைப் பாதி திறந்து, "அவரு ரன்னிங்ல இருக்காருங்க" என்பாள். வெளியூரில் வண்டியை விட்டு இறங்கி அப்பா தூங்குகிற இடத்துக்குக்கூட ரன்னிங் ரூம் என்றுதான் பெயர். ஒரே அறைக்குள் அத்தனை பேர் எப்படி ஓடுகிறார்கள், ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ள மாட்டார்களா என்று நான் வெகுநாள் கவலைப்பட்டிருக்கிறேன்.

நான்காம் வகுப்பில் இங்கிலீஷ் டீச்சரும் இந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார். ரன் என்றால் ஓடுவது மட்டும் இல்லையாம், அதற்கு ஏகப்பட்ட அர்த்தம் உண்டாம். வீட்டில் கேட்டு விதவிதமான வாக்கியங்களோடு வந்து மறுநாள் வாயால் சொல்ல வேண்டும் என்றார்.

அன்றைக்குத்தான் அப்பாவுக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனை. ரயில் ஓட்டுகிறவர்களுக்குச் சில வருஷங்களுக்கு ஒருமுறை அது உண்டு. சிக்னலின் நிறத்தைத் தூரத்திலிருந்தே பிசகாமல் சொல்ல வேண்டும். தவறினால் அதோடு இன்ஜினை விட்டு இறங்கிவிட வேண்டியதுதான். போன தடவையே டாக்டர் ஏதோ இழுத்தாராம். அதனால் அம்மா காலையிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அப்பாவுக்கோ வண்டி ஓட்டுவதைத் தவிர வேறெதிலும் மனசு ஒட்டாது. லீவு நாளில் தூரத்தில் ஹாரன் கேட்டால், அது எந்த வண்டி, ஏன் லேட் என்று சொல்லிவிட்டுத்தான் காபியை வாயில் வைப்பார்.

சாயங்காலம் சித்தப்பாவைப் பிடித்தேன். நாச்சாரத்தில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு தங்கியிருந்தார். "கிரிக்கெட்ல எடுக்கறது ரன்னு. பஸ்ஸு வரலைன்னா ரன்னிங் லேட்டு. உன் மூக்கு எப்பவுமே ரன்னிங்" என்றார். மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டேன். மூக்கை மட்டும் வேறு யாருக்காவது மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா வந்து செருப்பைக் கழற்றினார். சித்தப்பா எழுந்துகொண்டு, "என்னண்ணா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"அன்ஃபிட்டுன்னுட்டாங்கடா. இனிமே ஸ்டேஷனரிதான்."

ஓடாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு ரயில்வேயில் அதுதான் பெயர். எனக்கு அது தெரியாது. மாரெட்பள்ளியில் பென்சில் வாங்குகிற கடையின் பலகையில் அதே சொல்லைத்தான் படித்திருந்தேன். அப்பா இனிமேல் ரப்பரும் ஸ்கேலுமாக வாரிக்கொண்டு வரப்போகிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஸ்கெட்ச் பென்னும் தருவாங்களாப்பா?" என்று கேட்டேன். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாகக் கேட்டேன். எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிற சித்தப்பாவே என்னைக் கையைப் பிடித்துச் சமையலறையில் கொண்டுபோய் விட்டார்.

அங்கே அம்மா குழாயைத் திறந்துவிட்டு, அடியில் பாத்திரம் எதுவும் வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். 'த டேப் ஈஸ் ரன்னிங்' என்று சேர்த்துக்கொண்டேன். அம்மாவின் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது. "சளியாம்மா?" என்றதற்கு, "ஆமா, நீ போய்ப் படி" என்றாள். நின்ற இடத்திலேயே இரண்டு வாக்கியம் கிடைத்துவிட்டது. அன்றைக்கு என்னைப்போல் அதிர்ஷ்டசாலி அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் அப்பாவிடம் போய், ரன்னை வைத்து நீயும் ஒன்று சொல் என்று நச்சரித்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"மை ஃபாதர் வாஸ் இன் ரன்னிங்."

"தப்பு, தப்பு. கைக்குப்பா வாஸ்?" ஏன் என்று கேட்க வேண்டிய இடத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்திக் கைக்குதான் வாயில் வரும். "முடிஞ்சு போனதுக்குத்தான் வாஸ். இதுக்கு ஈஸ் போடணும்."

அப்பா என்னையே பார்த்தார். திட்டப்போகிறாரோ என்று பயந்துவிட்டேன். பிறகு, "சரிம்மா, ஈஸ்னே சொல்லு" என்றார். அப்பாவுக்கே இலக்கணம் சொல்லிக்கொடுத்துவிட்ட பெருமையில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு அப்பாவின் வாக்கியத்தைக் கடைசியில் சொன்னேன். டீச்சருக்கே அந்த அர்த்தம் புதிதாம். எல்லோரையும் கைதட்டச் சொன்னார். வீட்டுக்கு ஓடி வந்தால், அந்த நேரத்தில் ஒருநாளும் இருக்காத அப்பா கைலியோடு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கிளாஸ்ல எப்படிச் சொன்னியோ அப்படியே சொல்லு" என்றார்.

சொன்னேன்.

"இன்னொரு தடவ சொல்லும்மா."

என் உச்சரிப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அந்த ஈஸை மட்டும் நன்றாக அழுத்தி, திரும்பவும் சொன்னேன்.