கம்பெனி போட்டதா, நீங்க போட்டதா?

இரண்டு கால்கள் மட்டும் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மீதி ஆள் ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார். வண்டிக்காரர் வேறு வழியில்லாமல் அந்தக் கால்களைப் பார்த்தே பணிவாகப் பேசிக்கொண்டிருக்கிறார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது.

"இந்த மஞ்சள் ஒயர் கம்பெனி போட்டதா, நீங்க போட்டதா?"

"கம்பெனிதாங்க!"

"கம்பெனியில டேப்பைப் பல்லால கடிச்சா அறுப்பாங்க?"

கால்கள் இன்னும் ஒரு சாண் உள்ளே போகின்றன.

கார் சர்வீஸ் நிலையத்தில் வாரண்டி பரிசோதகர் இவர். வயது ஐம்பத்தாறு. முகத்துக்கு நேரே எல்லோரும் 'அண்ணே' என்பார்கள். முதுகு திரும்பியதும் 'மோப்பம்'. வாரண்டிக் காலத்தில் ஒரு பாகம் பழுதானால் கம்பெனி இலவசமாக மாற்றித் தரவேண்டும். அதற்கு முன், வெளியில் வாங்கி மாட்டிய சரக்கு எதனாலாவது அந்தப் பழுது வந்ததா என்று பார்த்து எழுதுவது இவர் வேலை. கதவருகே குனிந்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். "ஸ்பீக்கர் மாத்தி நாலு மாசம் இருக்கும். பசை இன்னும் காயல" என்பார். வண்டிக்காரர் மனைவிக்குத் தெரியாமல் மாற்றியிருப்பார். அந்த அம்மாளும் பக்கத்திலேயே நின்றிருப்பார்.

சர்வீசுக்கு வருகிறவர்கள் முந்தின நாளே எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, வண்டியைப் பிறந்த மேனியாகக் கொண்டுவருவார்கள். இவருக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "பெரிய சக்கரம் மாட்டி பேரிங் போச்சுன்னா கம்பெனி தராது, வாஸ்தவம். ஆனா அதே வண்டியில கண்ணாடி மோட்டார் போனா தந்துதானே ஆகணும்? மொட்டை அடிச்சவனுக்குப் பல் வைத்தியம் கிடையாதுன்னு யாராவது சொல்வாங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வார். முதல் பாதிதான் ஊரெல்லாம் பரவியது. ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாலே மோப்பம் வாரண்டியைக் கிழித்துவிடுவார் என்று ஒரு பேர் நிலைத்துவிட்டது. மனிதருக்கு அதில் வருத்தம்தான். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வீட்டிலும் இந்தப் பழக்கம் விடவில்லை. குக்கருக்கு மனைவி புது ரப்பர் வளையம் வாங்கிப் போட்டால், விசில் வருவதற்குள் கேட்டுவிடுவார்: "கம்பெனி வளையமா?"

"உங்க தலையில இருக்கிற கறுப்பு கம்பெனி போட்டதா?" என்று அந்த அம்மாள் ஒருநாள் திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம் சமையலறைப் பக்கம் ஆளையே காணோம்.

போன மாதம் அந்த அம்மாளிடமிருந்து நிலையத்துக்கு ஒரு போன் வந்தது. "மாப்பிள்ளை வண்டியை எடுத்துக்கிட்டு வர்றார். வைப்பர் தானா ஆடுதாம். கல்யாணமாகி மூணு மாசம்தான் ஆகுது, ஞாபகம் இருக்கட்டும். மோந்து கீந்து பாக்காதீங்க."

வெயில் கொளுத்திய வேளையில் வைப்பரை ஆட்டிக்கொண்டே மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். இறங்கியதும், "வெளி சாமான் எதுவும் போடலை மாமா" என்றார், யாரும் கேட்காமலே.

மோப்பம் ஹாரனை அழுத்தினார். சத்தமே இல்லை. பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நீங்க போட்ட ரெட்டை ஹாரனைக் கழட்டினது சரி. கூடவே கம்பெனி ஹாரனையும் கழட்டிட்டீங்களே!"

மாப்பிள்ளைக்குக் காது வரை சிவந்துவிட்டது. "எது யாரோடதுன்னு தெரியல மாமா. எதுக்கு வம்புன்னு எல்லாத்தையும் எடுத்துட்டேன்." கூடுதல் விளக்கு இரண்டு, ஹாரன் மூன்று, கதவோர அலங்காரப் பட்டை எல்லாம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருப்பதாக ஒப்புக்கொண்டார்.

மோப்பம் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு வண்டிக்குள் புகுந்தார். அரை மணி நேரம் கால்கள் அசையவில்லை. விளக்குக்காக இழுத்த ஒயர் தனி ஃப்யூஸோடு நேராக பேட்டரிக்குப் போயிருந்தது. வைப்பரை ஆட்டிவைக்கும் கண்ட்ரோல் பெட்டியை அது தொடவே இல்லை. அந்தப் பெட்டியின் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மேலே பார்த்தார். முன்கண்ணாடி ஓரத்தில் கம்பெனி வைத்த பசையில் ஒரு விரற்கடை இடைவெளி. அதிலிருந்து பெட்டி வரைக்கும் தண்ணீர் இறங்கிய தடம். பழுது சந்தேகத்துக்கு இடமில்லாமல் கம்பெனியுடையது.

வெளியே வந்தபோது நிலையமே வேலையை விட்டுவிட்டு நின்றிருந்தது. நேற்றுக் காலைதான் ஒரு பல் வைத்தியரின் வண்டிக்கு வாரண்டி கிடையாது என்று எழுதியிருந்தார். இன்று சொந்த மாப்பிள்ளைக்கு மட்டும் புதுப் பெட்டியை இலவசமாகத் தூக்கிக் கொடுத்தால் ஊர் சும்மா இருக்குமா? மறுத்து எழுதினாலோ, மாப்பிள்ளைக்கே விட்டுக்கொடுக்காத மனிதர் என்று தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடும். இத்தனை வருடம் சேர்த்த பேர் அந்தப் பேனா முனையில் ஆடியது. அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

மாப்பிள்ளை அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மாமா, இல்லைன்னே எழுதிடுங்க. நான் வெளியில வாங்கி மாட்டிக்கிறேன். எனக்காக உங்க பேர் கெட வேண்டாம்."

மோப்பம் அவரை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். தங்கமான பையன்தான், ஹாரன் விஷயத்தில் மட்டும் புத்தி மட்டு என்று நினைத்துக்கொண்டார்.

"பேர் என்னோடது, மாப்பிள்ளை. ஆனா தண்ணி கம்பெனியோடது."

படிவத்தை எடுத்து எழுதினார். வெளி இணைப்பு உண்டா? உண்டு. பழுதுக்கு அது காரணமா? இல்லை. குறிப்பு என்ற இடத்தில் கொட்டை எழுத்தில்: வண்டி உரிமையாளர் என் மகளின் கணவர்.

மேலாளர் அதை இரண்டு தடவை படித்தார். அவருக்கு வயது முப்பதுக்குள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. "அண்ணே... மத்தவங்க வண்டின்னா ஒரு டேப்புக்கே ஒரு பக்கம் எழுதுவீங்க. இதை மேலிடத்துக்கு அனுப்பினா என்ன நினைப்பாங்க?"

"அதனால நான் சொல்றதை நம்பாதீங்க சார்."

மோப்பம் வண்டிக் கதவை அகலத் திறந்தார். மனைவி காலையில் மடித்துக் கொடுத்த கைக்குட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து உதறி, ஸ்டியரிங்குக்குக் கீழே, மேலாளரின் தலை வரப்போகும் இடத்தில் சுருக்கமில்லாமல் விரித்தார்.