காஜா அக்கா தைத்த திரை

எங்கள் தையல் கடையில் சட்டைக்குப் பொத்தான் துளை போடுவது அவள் வேலை. அதைக் காஜா என்போம். அவளும் காஜா அக்கா ஆகிவிட்டாள். பக்கத்து மெஷினில் இருக்கும் எனக்கு வாய் நீளம், அவளுக்கு அதைவிட நீளம். முதலாளி தப்பாக வெட்டினால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளையே கோர்ட்டு வாயடைக்க வைத்தது.

அவள் தங்கையைப் பலாத்காரம் செய்தவன், தங்கை வேலை பார்த்த கிடங்கின் சூப்பர்வைசர். போலீசிடம் சொல்லியாயிற்று, டாக்டரிடம் சொல்லியாயிற்று. கூண்டில் ஏறிச் சொல்வதுதான் பாக்கி.

"அவன் மூஞ்சி தெரியாம இருந்தா எல்லாத்தையும் சொல்லிடுவேன்க்கா. தெரிஞ்சா எனக்குப் பேச்சே வராது" என்றாள் தங்கை.

அதற்காக நடுவே திரை வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறதாம். திரை சட்டத்தில் இருந்தது, கோர்ட்டில் இல்லை. முதல் தடவை, வெளுக்கப் போயிருக்கிறது என்றார்கள். அடுத்த தடவை ஏதோ ஆபீசர் அறைச் சன்னலில் வெயிலை மறைத்துக்கொண்டிருந்தது, கழற்ற ஆளில்லையாம். ஒவ்வொரு தடவையும் வாய்தா. ஒவ்வொரு தடவையும் அவனும் இவளும் ஒரே வராந்தாவில் காத்திருக்க வேண்டும். அவன் கால்மேல் கால் போட்டு டீ குடித்தான். துணைக்குப் போன நானும் அக்காவும் தங்கையை மறைத்தாற்போல் உட்கார்ந்துகொள்வோம்.

கடைசியில் திரை கிழிந்தே போய்விட்டதாம்.

"ஒரு துணிக்காகவா இவ்வளவு பிடிவாதம்? அப்படியே சொல்லச் சொல்லுங்கம்மா" என்றார் கோர்ட்டு குமாஸ்தா.

"ஒரு துணிதானே சார்? அதுகூட உங்களால முடியலையே" என்றாள் அக்கா.

அன்றே துணி வாங்கினோம். நிழல்கூடத் தெரியாதபடி உள்ளே லைனிங் கொடுத்து, ஓரம் மடித்துத் தைத்தாள். வாய்தா அன்று கோர்ட்டுக்குள் பிரித்த பிறகுதான் உறைத்தது: மாட்டுவதற்குக் கம்பி கிடையாது! தையல்காரிகள் இருவரும் துணியையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டோம்.

"நாங்களே பிடிச்சுக்கறோம் ஐயா" என்றாள் அக்கா. ஜட்ஜ் தலையசைத்தார். ஆளுக்கொரு முனையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தோம்.

தங்கை சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க, துணியை உதறிவிட்டுப் போய் அவன் கழுத்தைப் பிடிக்கலாமா என்றிருந்தது எனக்கு. கை மரத்துப்போனது நல்லதாகப் போயிற்று.

அவள் முடித்ததும் அவனுடைய வக்கீல் எழுந்தார். குறுக்கு விசாரணைக்கு இன்னொரு நாள் வேண்டுமாம்!

"இப்பவே கேளுங்க சார். எங்கக்கா இன்னும் கையை இறக்கல" என்றாள் தங்கை.

ஜட்ஜ் எங்களை நிமிர்ந்து பார்த்தார். "கேளுங்க" என்றார் வக்கீலிடம்.

ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை, என்ன உடுத்தியிருந்தாய் என்று என்னென்னவோ கேட்டார் அந்த மனிதர். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் கூண்டைவிட்டு இறங்கினாள்.

துணியை மடிக்கும்போது, வாசலில் பேர் கூப்பிடும் டவாலி பக்கத்தில் வந்தார். "இதை இங்கயே விட்டுட்டுப் போறீங்களாம்மா? மத்த கேசுங்களுக்கும் ஆகும்."

அக்கா கொடுத்துவிட்டாள். பிறகு கேட்டாள்:

"இத்தனை நாளா இங்க வந்த பொண்ணுங்க எல்லாம் அவனுங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டேவா சொன்னாங்க?"

"நிறைய பேரு சொல்லாமலே போயிட்டாங்கம்மா" என்றார் அவர்.