6.40க்குச் சூடான குழாய்

நம்புகிறவர்கள் நம்புங்கள். தெபெக் மலையூரில் கார் பட்டறை வைத்திருக்கும் கிதேவுக்கு, போன ஜனவரி பதினாறாம் தேதி காலையில் உண்மையாகவே நடந்தது இது. அதற்குப் பிறகு அவர் டீசல் வண்டியைத் தொடுவதே இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் ஒக்பூன் என்ற பெண் தன் டீசல் காரைக் கொண்டுவந்தாள். கணவன் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. எஞ்சினைக் கிளப்பாமலே புகைக்குழாய் கொதிப்பதாகக் காட்டி, தினமும் காலையில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதாம்.

“குழாய்ல இருக்கிற வெப்ப சென்சார் போயிருக்கும்,” என்றார் கிதே.

“இன்னொரு பட்டறையில புதுசே போட்டாச்சு முதலாளி. அதுவும் அப்படித்தான் காட்டுது. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்குறவரு வர்றாரு. சென்சார்தான் கோளாறுன்னு நீங்க சொல்லிட்டா வித்துடுவேன்.”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா... எப்படிங்க விக்கிறது?”

கிதேவுக்கு ஒரு வழக்கம். வண்டியை ராத்திரி முழுக்கப் பனியில் நிறுத்திவிடுவார். காலையில் எஞ்சினைக் கிளப்பாமல் கருவியை மாட்டிப் பார்ப்பார். எல்லா சென்சாரும் வெளிக்குளிரையே காட்ட வேண்டும். மாற்றிக் காட்டுவது எதுவோ, அதுதான் குற்றவாளி.

“ஒரு குழாய்க்காக இந்தக் குளிர்ல போறீங்களே. எனக்காக ஒரு நாள் இப்படி நின்னிருப்பீங்களா?” என்றாள் மனைவி சுன்ரே மறுநாள் விடிகாலையில், பார்லித் தண்ணீரை நீட்டியபடி.

“நீ என்னிக்குச் சூடில்லாம இருந்த?” சிரித்துக்கொண்டே மாடியிலிருந்து பட்டறைக்கு இறங்கினார்.

மணி 6.37. குளிர் மைனஸ் பதிமூன்று. எல்லா சென்சார்களும் அதையே காட்டின.

6.40.

புகைக்குழாய் சென்சார் மட்டும் நகர்ந்தது. மைனஸ் ஏழு... பூஜ்யம்... பன்னிரண்டு... முப்பத்தொன்று...

ஒயர் கோளாறு என்றால் எண் ஒரேயடியாகத் தாவும். இது மெல்ல ஏறியது. யாரோ எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்குவது போல.

பிளக்கைக் கழற்றி, மீட்டரைச் சென்சாரிலேயே வைத்துப் பார்த்தார். அங்கேயும் அளவு மாறிக்கொண்டே போனது.

எஞ்சின் மூச்சுவிடவில்லை.

பின்பக்கம் போனார்.

சொட்... சொட்...

குழாயில் படிந்த பனி உருகிக்கொண்டிருந்தது.

விரலை வைத்தார்.

சுட்டது.

சென்சார் பொய் சொல்லவில்லை...

பத்து மணிக்கு ஒக்பூன் வந்தாள். அவர் முகத்தையே பார்த்தாள். கிதே சுட்ட விரலைப் பைக்குள் மறைத்துக்கொண்டார். கட்டினவனைப் பறிகொடுத்தவளிடம் எதைச் சொல்வது?

“சென்சார்தாம்மா கோளாறு.”

“அப்பாடா,” என்றாள். கண் நிறைந்துவிட்டது. வண்டி கைமாறிப் போனது.

ஒன்பது நாள் கழித்து, விடியும் முன்பே போன் அடித்தது. ஒக்பூன்தான்.

“முதலாளி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. தினமும் ஆறு நாப்பதுக்கு அவருதான் எனக்கு முன்னாடி கீழ போயி எனக்காக வண்டியைச் சூடாக்கி வைப்பாரு. அன்னிக்கு நான் இறங்க நேரமாயிடுச்சு. போய்ப் பார்த்தா, வண்டிக்குப் பின்னால விழுந்து கிடந்தாரு. ஒரு கை குழாயைப் பிடிச்சபடி இருந்துச்சு. உள்ளங்கையெல்லாம் வெந்து போயி... எவ்வளவு நேரம் எனக்காகக் காத்துக்கிட்டுக் கிடந்தாரோ.”

கிதே போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ சத்தம். தட... தட... தட... டீசல் எஞ்சின்.

“வேற வண்டி வாங்கிட்டீங்களாம்மா?”

“இல்லையே,” என்றாள் அவள். “வெச்சிடறேன் முதலாளி. இன்னிக்கும் அவரைக் காக்க வைக்கக் கூடாது.”