நண்டு சகாதேவனின் இடது கால்

பழவேற்காட்டில் சகாதேவன் என்று விசாரித்தால் எந்தச் சகாதேவன் என்று திருப்பிக் கேட்பார்கள். நண்டு சகாதேவன் என்று சொல்லுங்கள், கை நீட்டி ஏரிக்கரையைக் காட்டிவிடுவார்கள். வயது நாற்பத்தெட்டு. ஆள் குட்டை, வாய் நீளம். எதிரே இருக்கும் பசியாவரம் தீவின் படகுகளில் வந்திறங்கும் உயிர் நண்டை வாங்கி, கொடுக்கைச் சணலால் கட்டி, இரண்டு பிளாஸ்டிக் பெட்டியில் ஈரச் சாக்கு போட்டு அடுக்கி, பைக்கில் ஏற்றி, பத்து மணிக்குள் பொன்னேரியில் கொண்டுபோய் இறக்கவேண்டும். செத்த நண்டை அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக மனுஷருக்கு இதே ஓட்டம்தான்.

அதற்கு முன்னால் ஏரியில் இறங்கி நண்டு பிடித்தவர். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே உள்ளங்காலால் சேற்றைத் தடவி, இது வெறும் சேறு, இது கிளிஞ்சல், இது நண்டு வளை என்று சொல்லிவிடுவார். "என் உள்ளங்கால்ல கண்ணு கீதுடா" என்பது அவர் எல்லோரிடமும் அடித்துக்கொள்கிற பெருமை. ஏரியை விட்டு வண்டிக்கு வந்த பிறகும் அந்தப் பெருமை மட்டும் போகவில்லை. செருப்பு போட்டு வண்டி ஓட்டமாட்டார். வெறுங்காலின் கட்டைவிரலைக் கியர் லிவருக்கு அடியில் கொடுத்து ஒரு தூக்கு தூக்கினால் கியர் விழும், அது விரலில் தெரியும், அவ்வளவுதான். செருப்பு போட்டவனைப் பார்த்தால், "நீயெல்லாம் கியர் போட்றியா, இல்ல கடவுள வேண்டிக்கிறியா?" என்று வம்புக்கு இழுப்பார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் சர்க்கரை வந்தது. வந்து எத்தனை வருஷம் ஆனதோ, போன வருஷம்தான் கண்டுபிடித்தார்கள். இடது கால் சுண்டுவிரலில் ஒரு புண். ஆறவே மாட்டேன் என்றது. இரண்டு மாதம் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு நடந்தார். அங்கே கட்டுப் போட்ட நர்ஸ் ஜெபசெல்வி, நைலான் நரம்பு மாதிரி ஒன்றை எடுத்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே குத்தி, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டார். இவர் குத்தியதற்கும் தெரியுது என்றார், குத்தாததற்கும் தெரியுது என்றார். அந்த அம்மா பார்க்காத ஆளா?

"இந்தத் தடவ விரல் தப்பிச்சிது. இன்னொரு புண்ணு வந்தா விரல எடுக்கணும். அது விரலோட நிக்கும்னு நான் எழுதித் தரமாட்டேன். வெறுங்கால்ல ஒரு அடி வைக்கக்கூடாது. நல்லா மூடின ஷூ போடுங்க" என்றார்.

கால் போனால் வண்டி போச்சு. வண்டி போனால் பிழைப்பே போச்சு. இது சகாதேவனுக்குப் புரியாமல் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவி அமுதவல்லியிடம் சொன்னார். அவள் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே தங்கியிருக்கும் மகள் திவ்யாவுக்குப் போன் போட்டாள். நாலாம் நாள் ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே பைக் ஓட்டுகிறவர்கள் போடுகிற பூட்ஸ். கெண்டைக்கால் வரைக்கும் கறுப்பு, மூன்று பக்கிள், முன்பக்கம் கட்டை மாதிரி ஒரு தடிப்பு. மகள் ஆசையாக ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கியிருந்தாள்.

"நைனா, போட்டுக்கினியா? வலிக்குதா?" என்று போனில் கேட்டாள் திவ்யா.

"ராஜா மாதிரி கீதும்மா" என்றார் இவர். அமுதவல்லி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரவழைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கரையே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. "இன்னாண்ணா, நிலாவுக்கா போற?" என்றான் படகுக்காரன் கோபால். சகாதேவன் முறைத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். அந்த வண்டியில் முதல் கியருக்குத்தான் கீழே மிதிக்கவேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் காலை லிவருக்கு அடியில் விட்டுத் தூக்கவேண்டும். முதல் கியர் பிரமாதமாக விழுந்தது. இரண்டாவதற்குப் பூட்ஸ் மூக்கு லிவருக்கு அடியில் நுழையவே இல்லை. முட்டினார், மோதினார், குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். ஒருவழியாக நுழைத்துத் தூக்கினால் கியர் விழுந்ததா இல்லையா என்று ஒரு இழவும் தெரியவில்லை. விழுந்துவிட்டது என்று நினைத்து முறுக்கினார், கியர் விழாத வண்டி நடு ரோட்டிலேயே நின்று ஓலமிட்டது. பின்னால் வந்த பஸ்காரன் அவர் பரம்பரையையே கூப்பிட்டு விசாரித்துவிட்டுப் போனான். பொன்னேரி வரைக்கும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ஒரு பெட்டியில் பாதி நண்டு அசைவை நிறுத்தியிருந்தது.

"பூட்ஸ் போட்டா காலு குருடாப்பூடுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அவர் கண்டுபிடித்தது அதுதான்.

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒழுங்குப் பிள்ளையாகப் பூட்ஸ் போட்டுக்கொள்வார். ஊர்க் கடைசி வீடு தாண்டியதும் வேலிகாத்தான் புதர் ஓரமாக வண்டியை நிறுத்திப் பூட்ஸைக் கழற்றிச் சாக்குக்குள் செருகுவார். வெறுங்காலோடு பொன்னேரி போவார். திரும்பும்போது அதே புதரில் மறுபடியும் மாட்டிக்கொள்வார். அமுதவல்லி தினமும் ஈரத்துணியால் பூட்ஸைத் துடைத்து வைத்தாள். "பரவால்லியே, தேயவே இல்ல" என்று மகளிடம் போனில் மெச்சிக்கொண்டாள். இவர் அதைக் கேட்டுக்கொண்டு டீ குடித்தார். மூன்று வாரம் இந்தக் கூத்து நடந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஒரு வியாழக்கிழமை திவ்யா போன் செய்தாள். "நைனா, ஞாயித்துக்கிழம வரேன். நீ பூட்ஸ் போட்டு வண்டி ஓட்றத வீடியோ எடுக்கணும். எங்க கம்பெனில எல்லாரும் கேக்கறாங்க."  சகாதேவன் மறுநாள் நண்டு ஏற்றியதும், புதரில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, நேரே மெக்கானிக் அர்ஷத்தின் ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றார். அர்ஷத்துக்கு முப்பது வயது இருக்கும். அவர் வண்டியின் ஒவ்வொரு ஸ்குரூவும் அவனுக்கு மனப்பாடம்.

"பாய், ஞாயித்துக்கிழம ஒரு நாளு மட்டும் இந்தப் பூட்ஸோட ஓட்டணும். இன்னா பண்ணுவியோ பண்ணு. இத்தப் போட்டா கியரே தெரியமாட்டேங்குது."

"அதுக்கு ஏண்ணே பேஜாராவுற? லிவர ஒரு பல்லு மேல ஏத்தி வெச்சா மூக்கு உள்ள போவும். இல்லன்னா பின்னாலயும் மிதிக்கிற மாதிரி ரெட்டை லிவர் போட்டுடலாம். முன்னால மிதிச்சா கொறையும், குதிகாலால மிதிச்சா ஏறும். தூக்கவே வேணாம்" என்று சொல்லிக்கொண்டே அர்ஷத் குனிந்தான். "ஆமா, லிவர்ல ரப்பர் எங்கண்ணே?"

"கீதே."

"எங்க கீது? வெறும் இரும்புதான் கீது. ஓரம் பிளேடு மாதிரி நிக்குது. எப்பக் கழண்டுச்சு?"

சகாதேவனுக்குத் தெரியவில்லை. தினமும் நூறு தடவை விரல் வைக்கிற இடம், ரப்பர் போய் இரும்பு வந்தது அவருக்குத் தெரியவில்லை.

அர்ஷத் துணியால் லிவரைத் துடைத்தான். துணியில் சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. "இன்னாண்ணே ரத்தம்?"

"நண்டு ரத்தம்பா. பெட்டிலேந்து ஒழுகியிருக்கும்" என்றார் சகாதேவன், யோசிக்காமல்.

அர்ஷத் துணியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "அண்ணே, நண்டுக்கு ரத்தம் செவப்பா இருக்குமா?"

சகாதேவன் குனிந்து லிவரைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து நண்டோடு கிடக்கிறவர். கொடுக்கு உடைந்தால் தண்ணீர் மாதிரிதான் வடியும், வெயிலில் வைத்தால் லேசாக நீலம் பாயும். சின்னப் பிள்ளைக்குக்கூட அங்கே அது தெரியும். அவர் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்து இடது காலைத் தூக்கி வலது தொடைமேல் வைத்தார். கட்டைவிரலின் மேல்பக்கம், லிவரைத் தூக்குகிற இடத்தில், தோல் உரிந்து சதை தெரிந்தது. அதில் மண் ஒட்டியிருந்தது. இன்றைக்கு நேற்று வந்த புண் இல்லை.

ஆள்காட்டி விரலால் அந்தப் புண்ணை அழுத்தினார். ஒன்றும் இல்லை. நகத்தால் அழுத்தினார். அடுத்தவன் காலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. பூட்ஸ் அவர் காலைக் குருடாக்கவில்லை. வெறுங்காலோடு ஓட்டிய இத்தனை நாளும் கியர் விழுந்ததை அவருக்குச் சொன்னது எஞ்சின் சத்தமும் கிளட்ச் பிடித்த கையும்தான். விரலில் உணர்ச்சி எப்போதோ போய்விட்டது. 

"உக்காருண்ணே பின்னால. ஜல்தி" என்றான் அர்ஷத். கடையைப் பாதி சாத்தி, நண்டுப் பெட்டியை மடியில் கொடுத்து, தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சாலையில் சகாதேவன் பின்சீட்டில் போனது அதுதான் முதல் தடவை.

ஜெபசெல்வி திட்டவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. காலைக் கழுவிவிட்டு, மறுபடியும் கண்ணை மூடச் சொல்லி, அதே நைலான் நரம்பால் குத்தினார். "தெரியுதா?"

"தெரியல."

"இங்க?"

"தெரியல சிஸ்டர்."

பத்து இடத்தில் குத்தியதில் இரண்டு இடம்தான் தெரிந்தது. இரண்டும் குதிகால் பக்கம்.

பஸ் பிடித்து அமுதவல்லி வந்து சேர்ந்தாள். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருப்பாள் போல. வார்டு வாசலிலேயே ஆரம்பித்தாள். "பூட்ஸ ஏமாத்துனியா, என்ன ஏமாத்துனியா? நான் பைத்தியக்காரி மாதிரி தினம் அத்தத் தொடைச்சி வெச்சிக்கினு..."

"அமுதா" என்றார் அவர். "எனக்குக் காலு தெரியல அமுதா. எத்தினி நாளாவோ தெரியல. தரை தெரியல. சொன்னா வண்டிய வித்துடுன்னு சொல்லுவியேன்னு பயந்துகினு இருந்தேன். அப்புறம் எனக்கே தெரியாமப் பூடுச்சு." சொல்லிவிட்டு மனுஷர் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அமுதவல்லி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

விரல் தப்பித்தது. ஆனால் ஐந்து வாரம் கட்டு. திவ்யா வந்தாள், வீடியோ எடுக்கவில்லை, அப்பாவோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அமுதவல்லி நண்டுப் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். தண்ணீர் ஒழுகுகிறது என்று கண்டக்டர் சண்டை போட்டால் இவள் இரண்டு மடங்கு போட்டாள். அர்ஷத் ரெட்டை லிவரை மாட்டி, ரப்பரைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, வண்டியை வாசலில் கொண்டுவந்து விட்டான்.

ஆறாவது வாரம் சகாதேவன் பூட்ஸுக்குள் காலை விட்டார். விடுவதற்கு முன்னால் அமுதவல்லி போன் டார்ச்சைப் போட்டு விரல் இடுக்கு, உள்ளங்கால், பூட்ஸின் உள்பக்கம் எல்லாம் பார்த்தாள். ஒரே ஒரு பெட்டிதான் ஏற்றினார்கள். அந்தப் பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?" என்றார்.

"சும்மா வரேன், ஓட்டு."

முன்னால் மிதித்தார், முதல் கியர். வண்டி நகர்ந்தது. கடைசி வீடு தாண்டியது, வேலிகாத்தான் புதர் தாண்டியது. கிளட்ச்சைப் பிடித்துக் குதிகாலால் பின்பக்கத்தை மிதித்தார். காற்று காதை அடைத்துக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்கவிடவில்லை. கால் எதுவும் சொல்லவில்லை. கிளட்ச்சை விடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் கை தயங்கியது. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் இருபது வருஷமாகக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்தச் சீட்டில் உட்கார்ந்து போனவள்; கியர் விழுகிற அதிர்வு அவள் உடம்புக்குத் தெரியும்.

பாதி தலையைத் திருப்பினார். "ஏய் அமுதா. வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சு, போ" என்றாள் அவள்.

வழியில் இருக்கும் திருப்பாலைவனம் வரைக்கும் ஒவ்வொரு கியருக்கும் அவர் கேட்டுக்கொண்டே போனார், அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.