பிளெக்ஸில் இருந்த முகம்

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதுவும் பாஸ்கெட்பால் ஆடிக் கிடைத்த இடம். முதல் ஆட்டத்துக்கு முன்பே ராஜபாளையத்தில் ஒரு டீக்கடை ஓரம் எனக்கு பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். முகத்தை நன்றாக வெளுத்து, கூலிங் கிளாஸும் மாட்டியிருந்தார்கள்.

ஆனால் நான் எறிந்த பந்து வளையத்துக்குள் போக மறுத்தது. அடுத்த ஆட்டத்திலும் சொதப்பினால் அணியில் இடமில்லை என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

அன்று அந்த பிளெக்ஸின் கீழேயே உட்கார்ந்து டீ குடித்தேன். பக்கத்தில் இரண்டு ரசிகர்கள் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பயலுக்குக் கண்ணு பட்டுருச்சு. பூசணிக்கா ஒடைக்கணும்.”

“கண்ணாவது ஒண்ணாவது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவத் தின்னு ஒடம்பு கனத்துப்போச்சு. பேசாம அவனத் தூக்கிரணும்.”

“நேர்ல மேட்ச் பாத்தீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“அத வேற பாக்கணுமாக்கும்? வாட்ஸ்அப்ல ஸ்கோர் வருதுல்லா.”

“இன்னும் ஒரே ஒரு மேட்ச் பாக்கலாமே.”

“ஏலே, ஒனக்கு பாஸ்கெட்பால் பத்தி என்னலே தெரியும்? மேல பாரு. ஆடுற மூஞ்சியா அது?”

நிமிர்ந்து பார்த்தேன். எனக்கும் அந்த முகத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை. டம்ளரை வைத்துவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்பினேன்.