மஞ்சள் கவுன்

டெல்லி ஜனக்புரியில் வீராயி வேலை பார்க்கும் வீட்டு அம்புஜம் கேட்டாள்: "எங்க அபூர்வா முதல் பிறந்தநாளுக்குப் போட்டுண்ட மஞ்சள் கவுனை உங்கிட்ட குடுத்தேனே, இருக்கோ? அவளோட குழந்தைச் சாமானெல்லாம் ஒரு பெட்டியில சேர்க்கறேன்."

இருந்தது. வீராயியின் மகள் முத்துமாரியும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடை பழகினாள். மகளின் சின்ன வயது நினைவாக வீராயி எடுத்துவைத்திருப்பது அது ஒன்றுதான்.

"அவங்க கவுன்தானேம்மா? அச்சா, போட்டோ எடுத்துட்டுக் குடுத்துடு," என்றாள் முத்துமாரி, அன்றிரவு வீட்டில் விஷயத்தைக் கேட்டதும்.

மறுநாள் வீராயி கவுனைக் கொண்டுபோனாள். அம்புஜம் அதிலிருந்த பீட்ரூட் கறையைத் தடவினாள். "என் குழந்தை சிந்தினது. இன்னும் போகலை பாரேன்!"

அது முத்துமாரி சிந்தியது. சொல்ல வாயெடுத்த வீராயிக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் பீட்ரூட் ஊட்டியது அவள்தானே?

அம்புஜம் கவுனை உள்ளே வைத்துப் பெட்டியை மூடப்போனாள்.

"இருங்கம்மா," என்றாள் வீராயி. கை நீட்டிக் கவுனை எடுத்து, அந்தக் கறையைத் தானும் ஒருமுறை தடவினாள்.