உறவுமுறை என்ற கட்டம்

நம் நண்பர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கைமாற்றும் சுற்று நோட்டு இன்று என் கைக்கு வந்தது. சரியான நாளில்தான் வந்திருக்கிறது.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் ரோசம்மாவும், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் நானும் ஆறு வருஷமாக இன்னும் மூன்று பெண்களோடு ஒரே அறையில் இருக்கிறோம். தனி வீடு கேட்க இன்று எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன்.

வரிசையில் எனக்கு முன்னால் எஸ்டேட் தொழிலாளி அந்தோணி. போன ஞாயிற்றுக்கிழமைதான் கல்யாணம். மாதா கோயிலில் கொடுத்த கல்யாணச் சீட்டை நீட்டினான், சாவியோடு போனான்.

கிளார்க் அண்ணாச்சி என் படிவத்தைப் பார்த்தார்.

"டீச்சர், தனி வீடு குடும்பத்துக்குத்தான். ரோசம்மா ஒங்களுக்கு என்ன வேணும்?"

"கூட இருக்கறவ, அண்ணாச்சி. கடைசி வரைக்கும்."

குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சின்னு எழுதுங்க, நான் பாத்துக்கிடுதேன். ஆனா அவளுக்குக் கல்யாணம் ஆச்சுன்னா வீட்டத் திருப்பிக் குடுத்துரணும்."

அந்தோணியிடம் யாரும் இப்படி நிபந்தனை போடவில்லை.

உறவுமுறை என்ற கட்டத்தில் நான் 'துணை' என்று எழுதினேன்.

"மேனேஜர் சிரிப்பாரு, டீச்சர்."

"சிரிக்கட்டும். மாசாமாசம் எழுதிக் குடுப்பேன். எத்தன மாசம் சிரிப்பாருன்னு பாப்போம்."

அண்ணாச்சி படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

ரோசம்மாவின் மீன்குழம்புக்காக மழையிலும் மலையேறி வருகிறவர்கள் நீங்கள். அந்தக் கட்டத்தில் நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள்? இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதுங்கள்.

'தங்கை' என்று எழுதுகிறவர்களுக்கு அடுத்த முறை ரசம்தான்.